பிள்ளையைத் திருத்துவதா, பிணியைத் தீர்ப்பதா?

வடசென்னையில் டோல்கேட் என்றால் அறியாதார் இலர். தண்டையார்பேட்டையைக் கடந்து திருவொற்றியூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள இடம் அது. முன்னொரு காலத்தில் வண்டிகளை மறித்துச் சுங்கம் வசூலித்த சாவடி அங்கிருந்ததைப் பெயரே சொல்லும். சாவடி போயிற்று, பெயர் நின்றது. 2021 பிப்ரவரியில் அவ்வழியே ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் நிலையத்திற்கும் அதே பெயரைத்தான் சூட்டினார்கள்.

அங்குள்ள பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாள் காலை, ஒரு தகப்பனாரோடும் அவருடைய பதினைந்து வயது மகனோடும் நான் நின்றிருந்தேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதற்காகப் பேருந்தை எதிர்பார்த்திருந்தோம். தகப்பனார் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளி. பையன் சற்றுத் தள்ளி நின்று, வெடித்துப் போயிருந்த தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனார் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "அஸ்ரத், இந்த பஸ்ஸைப் பிடிக்க வர்றதுக்கு எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. வழியிலே எத்தனை பேர் நிறுத்தினாங்க! நின்ன இடத்திலெல்லாம் ஏதாவது கொடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் எதையும் உள்ளே வைத்துச் சொல்லவில்லை. ஆயினும் நின்றிருந்த இடத்தின் பெயர் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில், அவரை வழியில் நிறுத்தியவர்களுள் முதலாமவன் நான்.

பிறரைச் சாடுவதற்கு முன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பேணுதல் என்று நினைத்தது

அந்தப் பையன் எங்கள் மாலை மத்ரஸாவின் மாணவன். இனிய குரலில் ஓதுவான். ஒரு கட்டத்தில் உளூச் செய்வதற்கு அவன் எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடங்களில் முடித்துவிட்டு வரும்போது, இவன் குழாயடியில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பான். முழங்கை நனைந்ததா, குதிகாலில் காய்ந்த இடம் ஏதும் நின்றுவிட்டதா என்று மீண்டும் மீண்டும் கழுவுவான். ஜமாஅத் முடிந்த பின்னரே வந்து சேருவான். தக்பீர் கட்டிய கையை அவிழ்த்து, மறுபடியும் கட்டுவான்.

நான் என்ன செய்தேன்? வகுப்பில் அவனைக் காட்டி, "பேணுதல் என்றால் இவனிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று புகழ்ந்தேன்! நோயை இபாதத் என்று எண்ணிய பேதைமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாள்தோறும் அவன் என்னிடம் வந்து, "உஸ்தாத், என் உளூ கூடுமா?" என்று கேட்பான். "கூடும், போ" என்பேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் வருவான். மறுபடியும் சொல்வேன். ஒரு நாளில் பத்து முறையேனும் இது நடக்கும். இரக்கத்தினால்தான் பதில் சொன்னேன். அந்த இரக்கமே நோய்க்குத் தீனி என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது.

பிறகு வீட்டிலிருந்து புகார்கள் வந்தன. குளியலறையில் இருப்பவனைத் தாயார் அழைத்தால் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறான். தன் துணியைத் தொட்ட தங்கையை அடிக்கிறான். பள்ளிக்குப் போக மறுக்கிறான். நேற்றுவரை பேணுதலுள்ள பிள்ளை, இன்று அடங்காப் பிள்ளையாகிவிட்டான். தகப்பனார் பெல்ட்டை எடுத்தார். அவர் வேண்டுகோளின்படி நான் பிரம்பை எடுத்தேன். அடி வாங்கும்போது அவன் அழவில்லை. அடித்த இடத்தைக் கழுவ வேண்டும் என்று மட்டும் கெஞ்சினான்.

என் சாவடி முடிந்தது. அடுத்த சாவடி ஓதிப் பார்ப்பவர். ஜின்னின் சேஷ்டை என்று சொல்லித் தாயத்துக்கும் தண்ணீருக்கும் அவர் பெற்றுக்கொண்டது 11,000 ரூபாய். அதற்கடுத்தது கடலோரத்துத் தர்கா ஊர் ஒன்றில் நாற்பது நாள் தங்கல். அந்த நாற்பது நாளும் தகப்பனாருக்குக் கூலியில்லை. அதற்கடுத்தது உறவினர்களின் அறிவுரை: "இரண்டு வருஷம் வளைகுடாவுக்கு அனுப்பினால் தானே தெளிவான்." அதற்கடுத்தது மருந்துக் கடைக்காரர் சீட்டில்லாமல் கொடுத்த தூக்க மாத்திரை. இறுதியில் வழியைக் காட்டியவர் எங்களில் எவருமில்லை. மாநகராட்சிப் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஒருவர், பையனின் கைகளைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் மருத்துவமனைப் பிரிவின் பெயரை எழுதிக் கொடுத்தார். மார்க்கம் ஓதிக் கொடுத்த எனக்குத் தெரியாதது, கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

வஸ்வாஸுக்கு வைத்தியம்

மருத்துவர் சொன்ன நோயின் பெயர் எண்ணச் சுழற்சி நோய். வேண்டாத எண்ணம் ஒன்று அச்சத்தோடு வந்து மோதும். அந்த அச்சத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். செய்த கணம் அமைதி. அடுத்த கணம் மீண்டும் அச்சம். ஒவ்வொரு முறை கழுவும்போதும் நோய் ஓர் அங்குலம் வேரூன்றும். "நீங்கள் வஸ்வாஸ் என்று சொல்கிறீர்களே, அதற்கு மிக நெருங்கியது" என்றார் அவர்.

உளவியலாளர் என்னை அழைத்துக் கேட்ட கேள்வி எனக்கு வியப்பளித்தது: "உங்கள் சட்டப்படி எத்தனை முறை கழுவ வேண்டும்?" நான் சொன்னேன்: "ஒரு முறை பர்ளு. மூன்று முறை சுன்னத். மூன்றுக்கு மேல் கழுவுவது மக்ரூஹ்." அவர் சொன்னார்: "அதை அவனிடம் ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குப்பின் எத்தனை முறை கேட்டாலும் 'கூடும்' என்று சொல்லாதீர்கள். சந்தேகத்தோடேயே அவன் தொழப் பழக வேண்டும்."

இதுதான் சிகிச்சை. அச்சம் தரும் நிலையைச் சிறிது சிறிதாக எதிர்கொள்வது. எதிர்கொண்டபின் அச்சத்தைத் தணிக்கும் செயலைச் செய்யாமல் பொறுத்திருப்பது. பொறுத்திருந்தால் அச்சம் தானாகவே வடியும் என்பதை உடலாலேயே கற்பது. இந்நோய்க்கு மருந்தும் உண்டு. தூக்க மாத்திரை போல அது அடிமைப்படுத்துவதன்று. ஆனால் பலன் தெரியச் சில வாரங்களாகும். தொடக்க வாரங்களில் இளம் பிள்ளைகளை மருத்துவர் கருத்தாகக் கவனிக்க வேண்டும். நினைத்தபோது திடீரென்று நிறுத்தலாகாது.

உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. முப்பது ஆண்டுகளாக அதை மாணவர்க்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அந்த விதி ஒரு பிள்ளையின் மருந்தாக இருக்க முடியும் என்று வெளியார் ஒருவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? ஹிஜ்ரி 597-இல் மறைந்த பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ, 'தல்பீஸு இப்லீஸ்' என்னும் நூலில், உளூவில் எல்லை மீறுவோரைக் கண்டித்து எழுதியிருக்கிறார். இப்னு குதாமா இதற்கென்றே ஒரு சிறுநூல் யாத்தார். இவர்களுக்கெல்லாம் முன்பே, ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை உடலுக்கு ஒரு பாகம், உள்ளத்துக்கு ஒரு பாகம் என வகுத்து எழுதினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று பிரித்தார். உடலுக்கு அவசர மருந்தைக் கைவசம் வைத்திருப்பது போல, உள்ளத்துக்கு நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்கச் சொன்னார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்!

ஆனால், இவற்றைச் சொல்லி மார்தட்டிக்கொள்ளும் எழுத்தாளர்களோடும் எனக்கு வழக்குண்டு. திமிஷ்கின் நூரீ மருத்துவமனை 1154-இல் தோன்றியது என்றும், கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனை 1284-இல் எழுந்தது என்றும், அங்கே மனநோயாளருக்குத் தனியிடம் இருந்தது என்றும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் திமிஷ்கில் மனநோயாளர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததையும் பயணி இப்னு ஜுபைர் குறித்து வைத்திருக்கிறார். அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? பாட்டனார் வைத்தியர் என்பதால் பேரனின் பிணி தீர்ந்துவிடுமா?

சங்கிலியின் சாட்சியம்

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராத தமிழ் முஸ்லிம் உண்டா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அது தர்கா நடத்திய காப்பகமன்று என்பது உண்மை. ஆயினும் அந்த மனிதர்களை அவ்வூருக்கு அழைத்துச் சென்றது எது? நேர்ச்சையும் நம்பிக்கையும், போக வேறிடம் தெரியாமையும் அல்லவா? பின்னர் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று வெளிப்படையாகவே தடுத்துவிட்டது.

சட்டம் தடுப்பதற்கு முன்பே ஷரீஅத் தடுத்திருக்க வேண்டாமா? உறங்குபவன், பருவமடையாத பிள்ளை, புத்தி பேதலித்தவன் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பதல்லவா நாயகம் (ஸல்) அவர்களின் போதனையின் கருத்து? அல்லாஹ் கணக்கெழுதாதவன் மீது நாம் கணக்கெழுதிப் பிரம்பெடுப்பது எந்த நியாயம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கத்தில், நாம் பிள்ளையைக் கட்டினோம். பொறுப்பை எவரிடமோ ஒப்படைத்தோம்.

"அப்படியானால் ஜின்னை மறுக்கிறீரா?" என்று கேட்கும் குரல் என் காதில் விழுகிறது. மறைவானவற்றை நம்புவது ஈமானின் பகுதி, நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. இந்தப் பிள்ளையிடம் இருப்பது ஜின்தான் என்று உமக்கு அறிவித்தவர் யார்? மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்று மேடையில் முழங்கிவிட்டு, பதினைந்து நிமிடத்தில் பெயரோடும் ஊரோடும் ஜின்னை அடையாளம் காட்டுகிறீரே, இது எந்த அகீதா? ஓதுவது சுன்னத், மறுப்பாரில்லை. ஆனால் ஓதியதற்கு விலை நிர்ணயிப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும், நாற்பது நாள் நிறுத்தி வைப்பதும் எந்தக் கிதாபில் உள்ளன?

"ஈமான் பலவீனமானால்தான் மனம் தளரும்" என்பது இன்னொரு வாதம். யஅகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் பார்வை மங்கியதை ஓதுகிற நாவாலேயே இதைச் சொல்லத் துணிகிறார்கள். நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் துயர ஆண்டு என்றே ஓர் ஆண்டு பெயர் பெற்றிருக்கிறது. துயரப்படுவது ஈமானின் குறையென்றால், இந்த வரலாறுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எண்ணிக்கை சொல்வது

இது ஒரு பிள்ளையின் கதையன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. ஏறத்தாழப் பதினான்கு பேருக்கு ஒருவர். நாற்பது பிள்ளைகள் அமரும் என் வகுப்பில் மூவர் என்று கொள்ளுங்கள். வளர்ந்தோரிடம் காணும் மனநோய்களில் ஏறத்தாழப் பாதி, பதினெட்டு வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுபவை. பிள்ளைகள் நம் கண்முன் ஓதிக்கொண்டிருக்கும் வயதில்தான் நோய் தொடங்குகிறது. முதலில் பார்க்கக்கூடியவர்கள் நாம். பார்த்தும் பாராதவர்களும் நாம்.

இந்நோய்கள் பிள்ளைகளிடம் வளர்ந்தவர்களிடம் போலத் தோன்றுவதில்லை. வளர்ந்தவனின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்பட்டால், பிள்ளையின் மனச்சோர்வு எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படக்கூடும். கவனக் குறைவுக் கோளாறு உள்ள பையன் ஓரிடத்தில் அமர மாட்டான். நாம் அவனைக் குறும்பன் என்போம். அச்ச நோய் உள்ள பெண் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாள். நாம் அவளைச் சோம்பேறி என்போம். திருட்டு, பொய், ஓயாத சண்டை, போதை மாத்திரை என்று போகும் பையனுக்கும் நடத்தைக் கோளாறு என்ற பெயரில் ஆய்வும் சிகிச்சையும் உண்டு. நாம் அவனுக்குச் சூட்டும் பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது.

அடித்தால் திருந்துவான் என்கிறார்கள். அடி, நோயை ஒளித்து வைக்கும்; தீர்க்காது. அடங்காத பிள்ளைகளுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி பெற்றோருக்கான பயிற்சியே. நல்லதைச் செய்யும்போது உடனே கண்டு பாராட்டுவது. விதிகளைச் சிலவாக, தெளிவாக வைப்பது. தண்டனையைச் சிறிதாகவும் தவறாமலும், கோபமின்றியும் கொடுப்பது. தாய் ஒன்று, தந்தை ஒன்று என்று சொல்லாமலிருப்பது. இவற்றைப் படிக்கும்போது தர்பியா என்ற நம் பழைய சொல்லே என் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, பொருளைத் தொலைத்துவிட்டோம்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடியது. ஆண் பிள்ளையையாவது ஊரறிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். பெண் பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் மூலையில் கிடந்தாலும், "வெளியே தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் வராது" என்று கதவைச் சாத்துகிறோம். பிறகு அந்த நோயோடேயே மணமுடித்துக் கொடுக்கிறோம். மணமகன் வீட்டாரிடமும் மறைக்கிறோம். இது மானமா, மோசடியா?

ஊராரின் நாவும் ஒரு சாவடிதான். 1794-இல் சென்னையில் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனை, ஆயிரக்கணக்கானோர்க்கு அறிவு தெளியச் செய்த இடம். அந்தப் பேட்டையின் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கினோம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சினிமாவில் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே எத்தனை பெற்றோர் வாசல்வரை வந்து திரும்பியிருப்பார்கள்!

அரசாங்கத்தையும் விட்டுவிட இயலாது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. கூலித் தொழிலாளி ஒரு நாள் வேலையை இழந்து, நெடுநேரம் வரிசையில் நின்று, சில நிமிடங்கள் பேசிவிட்டு, மாத்திரை வாங்கித் திரும்புகிறார். உளவியலாளரோடு வாரந்தோறும் அமர்ந்து பேச வேண்டிய பிள்ளைக்கு மாத்திரை மட்டும் போதுமா? பேச்சுச் சிகிச்சை வசதி படைத்தவர்க்கு, மாத்திரை ஏழைக்கு என்பது மருத்துவ நீதியன்று. காற்றும் நீரும் கெட்டுக் கிடக்கும் இந்தத் துறைமுகப் பகுதி மக்களுக்கு, வீட்டருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிள்ளைகளுக்கான உளவியலாளர் வேண்டும் என்று கேட்பது பிச்சையன்று, உரிமை.

நாம் செய்யத்தக்கது

மருந்தும் துஆவும் பகையல்ல. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008-ஆம் ஆண்டளவில், 'தவா-துஆ' என்ற பெயரில் மருத்துவர்களும் தர்கா முஜாவிர்களும் இணைந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினர். நேர்ச்சைக்கு வருபவரை முஜாவிரே மருத்துவரிடம் அனுப்பினார். பின்னர் ஏர்வாடியிலும் அம்முறை கொண்டுவரப்பட்டது. தீ எரிந்த ஊரில் நடக்க முடிந்தது, நம் மஹல்லாக்களில் ஏன் நடவாது?

உலமாப் பெருமக்களிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நான் கேட்பன சிலவே. நம் மத்ரஸாக்களில் பிரம்பைக் கீழே வையுங்கள். ஆலிம் பட்டம் பெறும் மாணவர்க்கு, மனநோயின் அடையாளங்களைக் கற்பிக்க ஆண்டுக்குச் சில பாடங்களேனும் ஒதுக்குங்கள். பிள்ளையைக் கொண்டுவரும் பெற்றோருக்கு ஓதிக் கொடுங்கள். ஓதிய கையோடே மருத்துவமனைக்குச் சீட்டெழுதிக் கொடுங்கள். முடிந்தால் கூடச் செல்லுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை இராயபுரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. நேரில் செல்லத் தயங்குவோர்க்கு, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் தொலைபேசிச் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்துக்குக் கீழே இந்த எண்ணை எழுதி வைப்பதற்கு என்ன செலவு? சாக விரும்புவதாக ஒரு பிள்ளை சொன்னால், அது மிரட்டலா உண்மையா என்று ஆராய்ந்துகொண்டிராதீர்கள். தனியே விடாமல், அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

அந்தப் பையன் முற்றிலும் குணமாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசை. அவ்வாறு எழுதினால் பொய்யாகும். ஏழு மாதச் சிகிச்சைக்குப் பின், பெரும்பாலான நாட்களில் ஐந்து நிமிடத்தில் உளூச் செய்துவிட்டு ஸஃப்பில் வந்து நிற்கிறான். தேர்வு நாட்களில் நோய் திரும்பிப் பார்க்கிறது. பள்ளிக்குப் போகிறான். தங்கையோடு பேசுகிறான். சில வேளைகளில் தொழுகை முடிந்ததும் என்னைப் பார்ப்பான், கேட்க வாயெடுப்பான், கேட்காமல் போய்விடுவான். நானும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலிருப்பேன். அவனுக்கு எவ்வளவு கடினமோ, எனக்கும் அவ்வளவு கடினம்.

அவன் முதுகில் நான் போட்ட அடிக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உஸ்தாத் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். மறுமையில் கேட்பதைவிட இம்மையில் கேட்பது எளிது என்று அவர்களுக்கு விடை கூறினேன்.

நம் வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் உரிய இடத்துக்குப் போகவிடாமல் மறிக்காதிருக்கும் நல்லறிவை, வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.